கருத்தடையை மீறி நாள் தள்ளிப்போனால்: முதல் வாரங்களில் செய்ய வேண்டியவை

கருத்தடை முறை ஒன்றை ஒழுங்காகக் கடைப்பிடித்து வரும்போதே நாள் தள்ளிப்போய், பரிசோதனையில் கர்ப்பம் உறுதியானால், அந்தப் பெண் பெரும்பாலும் தன்னைத்தான் முதலில் நொந்துகொள்கிறாள். எங்கே தவறினோம் என்று பழைய நாட்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்க்கிறாள். அப்படிப் பார்ப்பதில் பயன் உண்டு. ஆனால் குற்றம் கண்டுபிடிப்பதற்காகப் பார்க்க வேண்டாம். எந்த முறை, எந்த நாளில், எப்படித் தவறியது என்ற விவரம் மருத்துவருக்கு மிக முக்கியமான குறிப்பு. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி என்ற கருத்தடைச் சாதனம் (லூப் வகை) இருக்கும்போது உண்டான கர்ப்பத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று, மாத்திரை தவறி உண்டான கர்ப்பத்தில் பார்க்க வேண்டியது வேறொன்று. ஆகவே ஒரு தாளை எடுத்து, கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியையும், கையாண்ட கருத்தடை முறையையும், அண்மையில் உட்கொண்ட எல்லா மருந்துகளையும் எழுதி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

எந்த முறையும் நூற்றுக்கு நூறு காப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட வாழ்க்கையில் மக்கள் பயன்படுத்தும் விதத்தில் பயன்படுத்தினால், ஓராண்டில் 100 பெண்களில் ஆணுறையை நம்பியிருப்போரில் ஏறத்தாழ 13 பேரும், கருத்தடை மாத்திரை உட்கொள்வோரில் 7 பேரும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியை நம்பியிருப்போரில் 4 பேரும் கருத்தரிக்கிறார்கள். காப்பர் டி, கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை ஆகியவற்றில் இது ஒருவருக்கும் குறைவு. ஆனால் பூஜ்யம் அல்ல. சிறிதும் பிசகாமல் மாத்திரை எடுத்தாலும் சிலர் கருத்தரிக்கத்தான் செய்கிறார்கள். "இத்தனை பாதுகாப்பாக இருந்தும் எப்படி?" என்று வீட்டில் யாராவது சந்தேகக் கண்ணோடு கேட்டால், இந்தக் கணக்கைத் தயங்காமல் சொல்லலாம்.

பரிசோதனையைச் சரியாகச் செய்தல்

சிறுநீர்ப் பரிசோதனை, எச்சிஜி என்ற ஹார்மோனைத் தேடுகிறது. கரு, கருப்பையின் சுவரில் பதிந்த பிறகுதான் அந்த ஹார்மோன் சுரக்கத் தொடங்கும்; சினைமுட்டை வெளிப்பட்டு 6 முதல் 12 நாட்களுக்குள் அது நடக்கிறது. எனவே மாதவிலக்கு வர வேண்டிய நாளுக்கு முன்பே அவசரப்பட்டுப் பார்த்து, கர்ப்பம் இல்லை என்று வந்துவிட்டால், அதை இறுதி முடிவாகக் கொள்ள முடியாது. நாள் தள்ளிய பிறகு, காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரில் பார்ப்பது நல்லது. சுழற்சி ஒழுங்காக இல்லாதவர்கள் கடைசியாக உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாட்கள் கழித்துப் பார்த்தால் முடிவை நம்பலாம்.

சிறுநீர் விட்டதும் பட்டையின் மீது ஈரம் மெல்லப் படர்ந்து ஏறும். முதலில் கட்டுப்பாட்டுக் கோடு தெரியும். அது தெரியாவிட்டால் அந்தப் பட்டை பழுதானது, வேறொன்றில் பார்க்க வேண்டும். அதன் பக்கத்தில் இன்னொரு கோடு மிக வெளிறிய நிறத்தில், வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும் அளவுக்கு வரலாம். உறையில் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் அந்தக் கோடு நிறத்தோடு தெரிந்தால், எத்தனை மங்கலாக இருந்தாலும் அது கர்ப்பத்தையே காட்டுகிறது. அரை மணி நேரம் கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்க்கும்போது தெரியும் சாம்பல் நிறக் கோடு சிறுநீர் உலர்ந்த தடம். அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஐயம் இருந்தால் இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். தொடக்கத்தில் இந்த ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாவதால், உண்மையான கர்ப்பமாக இருந்தால் கோடு அழுத்தமாகும்.

சிலருக்கு "நாள் தள்ளிப்போதல்" என்ற அடையாளமே கிடைப்பதில்லை. கருத்தடை ஊசி போட்டவர்கள், குச்சி வைத்தவர்கள், ஹார்மோன் சுரக்கும் லூப் வைத்தவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆகியோருக்கு மாதவிலக்கு முன்பே நின்றிருக்கலாம் அல்லது தாறுமாறாக இருக்கலாம். நாற்பதைக் கடந்தவர்கள் மாதவிலக்கு நிற்கும் வயது வந்துவிட்டது என்று நினைத்து மூன்று நான்கு மாதங்களைக் கடத்திவிடுவதும் உண்டு. மார்பகத்தில் புதிதாக வலி, காரணமற்ற அசதி, குமட்டல், அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுதல் என்பவற்றுள் எதுவும் இருந்தால், கருத்தடையில் இருக்கிறோமே என்று ஒதுக்காமல் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். வழக்கத்தைவிடக் குறைவாக, ஓரிரு நாளே பட்ட உதிரத்தை மாதவிலக்கு என்று நம்பிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. கரு பதியும் காலத்திலும் அப்படிச் சிறிது படலாம்.

எத்தனை வாரம் என்று கணக்கிடுதல்

கர்ப்பத்தின் வாரங்கள், உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. இது தெரியாததால், "ஆறு வாரம்" என்று மருத்துவர் சொன்னதும், அந்த நாளில் நாங்கள் சேர்ந்திருக்கவே இல்லையே என்று குழம்பி, கணவன் மனைவிக்குள் தேவையற்ற பேச்சு வளர்ந்துவிடுகிறது. 28 நாள் சுழற்சி உள்ள ஒரு பெண்ணுக்கு மார்ச் 1 அன்று மாதவிலக்கு தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். கரு உண்டாவது மார்ச் 15 வாக்கில். மார்ச் 29 அன்று மாதவிலக்கு வர வேண்டும், வரவில்லை. ஏப்ரல் 12 அன்று அவர் ஆறு வாரக் கர்ப்பிணி, ஆனால் கரு உண்டாகி அப்போது நான்கு வாரமே ஆகியிருக்கும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் மூடிக்கொள்வது சரியாக அந்த நாட்களில்தான். நாள் தள்ளிப்போனதை அறிந்து இரண்டே வாரத்தில் அது முடிந்துவிடுகிறது. அதனால்தான், கர்ப்பத்தைத் தொடர்வதா என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கும், அன்றே 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கிவிடுங்கள் என்று வலியுறுத்துகிறேன். அது 12 வாரம் வரை நாள்தோறும் ஒன்று; எந்த முடிவு எடுத்தாலும் அதனால் கெடுதல் இல்லை. வலிப்பு மருந்து உட்கொள்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள், முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறை இருந்தவர்கள் ஆகியோருக்கு இதைவிடப் பன்மடங்கு கூடிய அளவு தேவைப்படலாம். அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மாத்திரையோ ஊசியோ எடுத்து வந்தவர்களுக்குக் கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்துக் கணக்கிடுவது பிசகிப்போகும். மாத்திரை அட்டையின் இடைவெளி நாட்களில் படும் உதிரம் உண்மையான மாதவிலக்கு அல்ல. இவர்களுக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் தலை முதல் பிட்டம் வரையான நீளத்தை அளந்துதான் வாரத்தை நிச்சயிக்க முடியும். நாட்கள் கூடக்கூட ஸ்கேனின் துல்லியம் குறைவதால், இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கர்ப்பம் இருக்கும் இடத்தை உறுதி செய்தல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால், இதைப் படியுங்கள். கரு, கருப்பைக்குள் பதியாமல் கருக்குழாயில் தங்கி வளர்வதைக் கருக்குழாய்க் கர்ப்பம் என்கிறோம். பொதுவாகக் கர்ப்பங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு இப்படி அமைகின்றன. கருத்தடையை மீறி உண்டான சில கர்ப்பங்களில் இந்த வாய்ப்பு பல மடங்கு கூடுதல். காப்பர் டி அல்லது ஹார்மோன் லூப், கருப்பைக்குள் கரு பதிவதையும் தடுக்கிறது, வெளியே பதிவதையும் குறைக்கிறது. ஆகவே லூப் வைத்திருப்பதால் ஆபத்து கூடுகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதையும் மீறி ஒரு கர்ப்பம் உண்டாகிவிட்டால், அது கருக்குழாயில் இருக்கக்கூடும் என்ற ஐயத்தை விலக்கிய பிறகே வேறு எதையும் பேச வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெண்ணுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு உண்டாகும் கர்ப்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கருக்குழாயில் அமைகிறது. அறுவை சிகிச்சை நடந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தாலும் இது நிகழலாம். முன்பு கருக்குழாயில் தொற்று வந்தவர்கள், ஏற்கெனவே ஒருமுறை கருக்குழாய்க் கர்ப்பம் ஆனவர்கள், புகை பிடிப்பவர்கள் ஆகியோரும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

அடையாளங்கள் பெரும்பாலும் ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் தெரியத் தொடங்கும். அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் விட்டுவிட்டோ தொடர்ந்தோ வலிக்கும். சிறிது சிறிதாகப் பழுப்பு நிறத்தில் உதிரம் படும். மலம் கழிக்கும்போது உள்ளே அழுத்துவது போல் வலிக்கும். தோளின் நுனியில், கழுத்து முடிந்து கை தொடங்கும் இடத்தில், படுத்தால் கூடும் ஒரு விநோதமான வலி வரலாம். வயிற்றுக்குள் கசிந்த இரத்தம், வயிற்றையும் மார்பையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தைத் தொடுவதால் அந்த வலி அங்கே உணரப்படுகிறது. கண் இருட்டிக்கொண்டு வருதல், மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியவை குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கொட்டுகிறது என்பதற்கான அறிகுறிகள். தோள் வலி வயிற்றோடு தொடர்புடையது என்று யாருக்கும் தோன்றாது. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார்கள். கர்ப்பம் உறுதியான பெண்ணுக்கோ, கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் உள்ள பெண்ணுக்கோ இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தால் விடியட்டும் என்று காத்திராமல், தனியாகப் புறப்படாமல், உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். போனதும் முதல் வாக்கியமாக "நான் கர்ப்பமாக இருக்கிறேன், லூப் வைத்திருக்கிறேன்" என்றோ, "குடும்பக் கட்டுப்பாடு செய்திருக்கிறேன்" என்றோ சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் மருத்துவரின் சிந்தனையைச் சரியான திசையில் திருப்பிவிடும்.

வலி எதுவும் இல்லாதவர்களும் ஆறு வாரத்தை ஒட்டி ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது. பெண்ணுறுப்பின் வழியாகச் செய்யும் ஸ்கேனில், ஐந்தாவது வாரத்தில் கருப்பையினுள் சிறு பையும், ஆறாவது வாரத்தை ஒட்டி இதயத்துடிப்பும் தெரியத் தொடங்கும். மிக முன்னதாகச் சென்றால் ஒன்றும் தெரியாமல் போகலாம். அதற்குக் கரு இல்லை என்றோ, கருக்குழாயில்தான் இருக்கிறது என்றோ பொருள் இல்லை. இடம் இன்னும் உறுதியாகவில்லை என்பது மட்டுமே பொருள். அப்போது இரத்தத்தில் எச்சிஜி அளவைப் பார்த்து, 48 மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்து, எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கொண்டு மருத்துவர் அடுத்த அடியை முடிவு செய்வார். இந்த இடைப்பட்ட இரண்டு நாட்கள் மனத்துக்கு மிகக் கடினமானவை. இருந்தாலும் இரண்டாவது இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்பட்ட கருக்குழாய்க் கர்ப்பத்தைச் சில சமயம் அறுவை சிகிச்சை இல்லாமல், ஊசி மருந்தாலேயே கரைத்துவிட முடியும்.

உடலில் இருக்கும் கருத்தடையை என்ன செய்வது

காப்பர் டி உள்ளே இருக்கும்போதே கர்ப்பம் கருப்பையில்தான் இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த கேள்வி அதை எடுப்பதா விடுவதா என்பது. நூல் கண்ணுக்குத் தெரிந்தால் கூடிய விரைவில் எடுத்துவிடுவதே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எடுக்கும்போது கரு கலைந்துவிடும் வாய்ப்பு சிறிதளவு உண்டு. ஆனால் எடுக்காமல் விட்டால் கருச்சிதைவு, கருப்பையில் தொற்று, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு அதைவிடக் கூடுதல். நூல் மேலே ஏறிக் காணாமல் போயிருந்தால் பல சமயம் அதை அப்படியே விட்டுக் கவனமாகக் கண்காணிப்பார்கள். லூப் பனிக்குடத்துக்கு வெளியே இருக்குமாதலால் அது குழந்தையின் உடலில் குத்திவிடும் என்ற பயம் வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு, அடிவயிற்று வலி ஆகியவை வந்தால் மட்டும் அன்றே செல்ல வேண்டும். நூல் கைக்குத் தட்டுப்படுகிறதே என்று நீங்களாக இழுத்துவிடக் கூடாது.

கருத்தடை மாத்திரை எடுத்து வந்தவர்கள் கர்ப்பம் உறுதியானதும் நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் இரண்டு மூன்று வாரம் கூடுதலாக உட்கொண்டிருந்தாலும் அதனால் குழந்தைக்குப் பிறவிக் குறைகள் கூடுவதில்லை. அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இது பொருந்தும். அந்த மாத்திரை சினைமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடுவது; ஏற்கெனவே பதிந்துவிட்ட கருவை அது கலைக்காது, கெடுக்காது. "மாத்திரை போட்டும் நின்றுவிட்டது, இனி குழந்தை ஊனமாகத்தான் பிறக்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்டு, விரும்பிய கர்ப்பத்தையே கலைத்துக்கொண்டு பின்னால் அழுத பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஊசி போட்டிருந்தால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. அடுத்த ஊசியைப் போடாமல் விட்டால் போதும். கையில் குச்சி இருந்தால், கர்ப்பத்தைத் தொடர்பவர்கள் அதை அகற்றிக்கொள்ள வேண்டும்.

தெரியாமல் உட்கொண்டவை

கர்ப்பம் என்று அறியாத அந்த மூன்று நான்கு வாரங்களில் என்னென்னவோ நடந்திருக்கும். தலைவலி மாத்திரை, மார்பு எக்ஸ்ரே, ஒரு விருந்தில் குடித்த மது, காய்ச்சலுக்கு எடுத்த ஆண்டிபயாடிக் என்று பட்டியல் நீளும். கரு உண்டான முதல் இரண்டு வாரங்களில் ஏற்படும் பெரும்பாலான பாதிப்புகளின் விளைவு இரண்டில் ஒன்றாகவே முடிகிறது: கரு நிலைக்காமல் போய்விடும், அல்லது முழுமையாக மீண்டு இயல்பாக வளரும். மார்புக்கோ பல்லுக்கோ எடுத்த எக்ஸ்ரேயில் கருவைச் சென்றடையும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு. அதற்காகக் கர்ப்பத்தைக் கலைக்க வேண்டியதில்லை. மது, புகை இரண்டையும் அறிந்த நாளோடு நிறுத்திவிடுங்கள். அறியாமல் குடித்த ஓரிரு முறையை எண்ணி மாய்ந்து போகாதீர்கள்.

ஆனால் சில மருந்துகளின் பெயரைப் பார்த்தால் அன்றே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். முகப்பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினாயின், வலிப்புக்கும் மனநிலைக் கோளாறுக்கும் எடுக்கும் வால்ப்ரோயேட், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின், மூட்டு வாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட், இரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், லோசார்ட்டான் வகைகள், தைராய்டு மிகைச் சுரப்புக்கான கார்பிமசோல் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இங்கே ஓர் எச்சரிக்கை. வலிப்பு மருந்தையும் மனநல மருந்தையும் பயந்துபோய்த் தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தியதால் வரும் வலிப்பு, தாய்க்கும் கருவுக்கும் மருந்தைவிடப் பெரிய ஆபத்தை உண்டாக்கலாம். அன்றே கேட்டு, மாற்று மருந்துக்கு மாறுவதே வழி. தைராய்டு குறைவுக்கு லெவோதைராக்சின் எடுப்பவர்கள் இதற்கு நேர்மாறாக, அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பம் உறுதியான வாரத்திலேயே டிஎஸ்எச் என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனையைச் செய்து கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு முதல் எட்டு வாரங்களின் சர்க்கரைக் கட்டுப்பாடு குழந்தையின் இதயம் உருவாவதோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் அவர்களும் காத்திருக்கக் கூடாது. வலிக்கும் காய்ச்சலுக்கும் இப்போதைக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் போன்றவற்றைத் தவிர்த்துவிடலாம்.

எந்த மருந்து கருவைப் பாதிக்கும் என்று பார்க்கும்போதே, எந்த மருந்து கருத்தடையைத் தோற்கடித்தது என்பதும் பல சமயம் வெளிப்படும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசிபைன், ஃபெனிட்டாயின் ஆகியவை கல்லீரலைத் தூண்டி மாத்திரையின் ஹார்மோனை விரைவில் கரைத்துவிடுகின்றன. சாதாரண ஆண்டிபயாடிக்குகள் அப்படிச் செய்வதில்லை. ஆனால் அவற்றால் வரும் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் மாத்திரையை உடலில் சேரவிடாமல் செய்துவிடலாம்.

முடிவு எடுத்தல்

திட்டமிடாத கர்ப்பத்தில் பெண்ணுக்கு வரும் முதல் உணர்ச்சி நிலையானதாக இருப்பதில்லை. காலையில் அழுகையும் மாலையில் ஒருவிதப் பாசமும், மறுநாள் இரண்டும் இல்லாத வெறுமையும் வருவது இயல்பு. தொடர்வது, தொடர்ந்து பெற்றுச் சட்டப்படி தத்துக் கொடுப்பது, கருவைக் கலைப்பது என்று மூன்று வழிகள் இருக்கின்றன. கருக்கலைப்பு பற்றிய சட்டமும், எத்தனை வாரம் வரை அனுமதி என்ற வரம்பும் நாட்டுக்கு நாடு மாறுவதால், நீங்கள் வாழும் இடத்தின் விதிகளைத் தகுதியுள்ள மருத்துவரிடமோ அரசு சுகாதார நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாரங்கள் குறைவாக இருக்கும்போது சிகிச்சை எளிது, சிக்கல் குறைவு. எனவே ஸ்கேனையும் கணக்கையும் இந்த வாரமே முடித்துவிட்டு, யோசிப்பதற்கான நாட்களை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்வது நல்லது. தேதி தெரிந்த பிறகு யோசிக்கும்போது, எத்தனை நாள் கையில் இருக்கிறது என்பது தெளிவாக இருக்கும்.

ஸ்கேன் பார்க்காமல், யாரோ வாங்கிக் கொடுத்த கருக்கலைப்பு மாத்திரையை எடுப்பதில் மறைந்திருக்கும் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த மாத்திரைகள் கருப்பைக்குள் இருக்கும் கர்ப்பத்தின் மீதுதான் வேலை செய்யும். கருக்குழாயில் இருப்பதை அவை ஒன்றும் செய்யாது. உதிரம் பட்டதும் கலைந்துவிட்டது என்று நம்பி வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கும்போதே குழாய் வெடித்துவிடலாம். லூப் வைத்திருப்பவர்களும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இந்தக் காரணத்தாலேயே கண்டிப்பாக ஸ்கேனுக்குப் பிறகுதான் எதையும் எடுக்க வேண்டும். நாட்டு மருந்து என்ற பெயரில் தரப்படும் பொடிகளும் கஷாயங்களும் கருவைக் கலைக்கும் என்ற உறுதி இல்லை. உடலைக் கெடுப்பவை உண்டு.

முடிவு உங்களுடையதாக இருக்க வேண்டும். மாத்திரையை ஒளித்துவைப்பது, ஆணுறையை வேண்டுமென்றே கிழிப்பது, கருவைக் கலை என்றோ கலைக்காதே என்றோ மிரட்டுவது எல்லாம் வன்முறைதான். வீட்டில் அப்படி நடக்கிறது என்றால், மருத்துவரிடம் "உங்களோடு தனியாகப் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்வது அவருக்கு வழக்கமான வேலைதான்.

தொடர்பவர்கள் முதல் மூன்று மாதங்களில் கவனிக்க வேண்டியவை

உதிரப்போக்கு எல்லாரையும் கலங்கச் செய்வது. முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பெண்ணுக்குச் சிறிதளவாவது உதிரம் படுகிறது. அவர்களில் பலருக்கும் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. உள்ளாடையில் சில துளிகள் மட்டும் பட்டு வலி இல்லாமல் இருந்தால் ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தால் போதும். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால், அல்லது மயக்கமோ கடும் வலியோ சேர்ந்தால் உடனே செல்ல வேண்டும். தெரியவந்த கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை தாமாகவே கலைகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் குரோமோசோம் கோளாறே காரணம். மாடிப்படி ஏறியதாலோ, பளு தூக்கியதாலோ, இந்தக் கர்ப்பம் வேண்டாம் என்று ஒரு நாள் மனத்தில் நினைத்ததாலோ கரு கலைவதில்லை. திட்டமிடாத கர்ப்பம் கலைந்துபோன பெண்ணுக்கு அந்தக் கடைசி எண்ணமே ஆழமான குற்ற உணர்வாகத் தங்கிவிடுகிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இரத்த வகை நெகட்டிவ் என்றால் உதிரப்போக்கு, கலைதல், கலைத்தல் எது நேர்ந்தாலும் அடுத்த கர்ப்பத்தைக் காப்பதற்கான ஆண்டி-டி ஊசி தேவையா என்று கேளுங்கள்.

மசக்கை பொதுவானது. ஆனால் எதுவும் தங்காமல் ஒரு முழு நாள் வாந்தி எடுப்பது, சிறுநீர் அடர் மஞ்சளாகிக் குறைவது, எடை குறைந்துகொண்டே வருவது ஆகியவை மசக்கையின் எல்லையைத் தாண்டியவை. நரம்பு வழியாக நீர் ஏற்றினால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். டாக்சிலமின், பைரிடாக்சின் சேர்ந்த மாத்திரை கர்ப்பகாலத்தில் நீண்ட காலமாகப் பயன்படுத்தப்படுகிறது. கர்ப்பிணி என்பதால் மருந்தே எடுக்கக் கூடாது என்று சுருண்டு கிடக்க வேண்டியதில்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், இடுப்பின் பின்புறம் வலி என்றால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். கர்ப்பத்தில் அதை உடனே குணப்படுத்த வேண்டும்.

முதல் மருத்துவச் சந்திப்பை 12 வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. கர்ப்பகாலம் முழுவதிலும் குறைந்தது எட்டுச் சந்திப்புகளை அது பரிந்துரைக்கிறது. முதல் சந்திப்பின்போது இரத்த அழுத்தம், இரத்த வகை, ஹீமோகுளோபின், எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, சிறுநீர் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தேவைக்கேற்பச் சர்க்கரையும் தைராய்டும் சேரும். ஆணுறை கிழிந்த காரணத்தால் உண்டான கர்ப்பம் என்றால் பாலியல் தொற்றுக்கான பரிசோதனையைத் தயங்காமல் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த கருத்தடை

கருத்தடை பற்றிய அடுத்த பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. தொடக்கத்தில் கரு கலைந்தாலோ கலைக்கப்பட்டாலோ இரண்டு வாரத்துக்குள்ளேயே மீண்டும் சினைமுட்டை வெளிப்படலாம். பிரசவத்துக்குப் பிறகு 21-ஆம் நாளிலிருந்தே கருத்தடை தேவை. தாய்ப்பால் மட்டுமே போதும் என்று நம்புவதற்கு மூன்று நிபந்தனைகள் ஒருசேர இருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பியிருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் கொடுத்திருக்கக் கூடாது.

முதலில் எழுதி வைத்த அந்தத் தாளை இப்போது மறுபடி எடுங்கள். மாத்திரை தவறியது எந்த நாளில் என்று பாருங்கள். பெரும்பாலும் அது பழைய அட்டை முடிந்து புதிய அட்டை தொடங்கும் நாளாக இருக்கும். இடைவெளி ஏழு நாளைத் தாண்டிவிட்டால் சினைப்பை விழித்துக்கொள்ளும் என்பதால், அட்டையின் நடுவில் ஒரு மாத்திரையை மறப்பதைவிட அது ஆபத்தானது. நாள்தோறும் நினைவு வைத்துக்கொள்வது உங்கள் வேலைக்கும் தூக்கத்துக்கும் ஒத்துவரவில்லை என்றால், லூப் அல்லது குச்சி போல் நினைவை நம்பாத முறைக்கு மாறுவதைப் பற்றிக் கேளுங்கள். ஆணுறை கிழிந்தது என்றால் எண்ணெய், வாசலின் போன்றவை லேடெக்ஸை நைந்துபோகச் செய்யும் என்பதையும், காலாவதித் தேதியையும் கவனியுங்கள். கணவர் வாசெக்டமி (ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை) செய்துகொண்டு அதற்குப் பிறகு உண்டான கர்ப்பம் என்றால், மூன்று மாதம் கழித்து விந்தணுப் பரிசோதனை செய்தாரா என்று கேளுங்கள். அந்தப் பரிசோதனையில் விந்தணு இல்லை என்று தெரியும்வரை வேறொரு முறையையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும் என்பதை அறுவை சிகிச்சைக்குப் போகும் பலர் காதில் வாங்கிக்கொள்வதில்லை.